மதிய வகுப்பில் பிழைத்த தஞ்சாவூர் ஓவியம்

சென்னையோ கோவையோ திருச்சியோ, குடியிருப்புத் தெரு ஒன்றில் நடந்தால் ஏதாவது ஒரு வீட்டு வாசலில் அந்தப் பலகை தென்படும். தையல், எம்பிராய்டரி, ஆரி வேலை, கண்ணாடி ஓவியம் என்ற வரிசையில் 'தஞ்சாவூர் ஓவியம் கற்றுத்தரப்படும்' என்றும் எழுதியிருக்கும். வகுப்பு பெரும்பாலும் சமையல் முடிந்த பிறகு தொடங்கிப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் முடிந்துவிடும். இந்தப் பலகையைப் பார்த்தாலே முகம் சுளிக்கும் ரசிகர்கள் உண்டு. அரசர்கள் ஆதரித்த கலை இல்லத்தரசிகளின் பொழுதுபோக்காகிவிட்டது, பரம்பரை ஓவியனின் கையில் இருந்தது 'ஹாபி கிளாஸ்' சரக்காகிவிட்டது என்பது அவர்கள் குறை. கேட்பதற்கு நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் இந்தக் கலையின் கடந்த 200 ஆண்டுக் கதையை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறொரு முடிவுக்குத்தான் வர வேண்டியிருக்கிறது. தஞ்சாவூர் ஓவியத்தைத் தாங்கிய ஆதரவாளர்கள் ஒருவர் பின் ஒருவராக மறைந்தார்கள். கடைசியாக அதைத் தாங்க வந்தவர், படம் வாங்க வந்தவர் அல்லர். படம் போடக் கற்றுக்கொள்ள வந்தவர். மாதக் கட்டணம் கட்டி, துணி ஒட்டவும் மக்கு வைக்கவும் பழகிய அந்த மாணவியையும், அவருக்குச் சொல்லிக்கொடுத்தே ஆயுளைக் கழித்த ஆசிரியையையும் விட்டுவிட்டு இந்தக் கலையின் அண்மை வரலாற்றை எழுத முடியாது.

முதலில் வேலையைப் பார்த்துவிடுவோம். வாதத்தின் பாதி அதற்குள்ளேயே இருக்கிறது. பழைய நாளில் இதற்குப் பலகைப் படம் என்றே பெயர். பலா அல்லது தேக்குப் பலகையின் மேல் துணியைப் பசை தடவி இழுத்து ஒட்டுவார்கள். அதன்மேல் சுண்ணத்தூளும் பசையும் கலந்து பூசி, காய்ந்ததும் வழவழப்பாகத் தேய்ப்பார்கள். பிறகு கோட்டுப்படம். நகை, ஆடைக்கரை, சிம்மாசனம், தூண், வளைவு ஆகிய இடங்களில் கல் பதித்து, சுக்கான் தூளைப் பசையில் குழைத்த மக்கினால் மேடு எழுப்புவார்கள். அந்த மேட்டின்மேல் தங்கரேக்கை ஒட்டி, ஓரம் வெட்டி, மேட்டின் வடிவம் தெரியும்படி அழுத்துவார்கள். அதன் பிறகே வண்ணம். கடைசியில் கண், புருவம், உதடு, நகைகளின் நுண்கோடு. இப்படி வேலை தனித்தனிப் படிகளாகப் பிரிந்து நிற்கிறது. ஒவ்வொரு படிக்கும் காயும் நேரம் உண்டு. இன்று ஒரு படி, மூன்று நாள் கழித்து அடுத்த படி என்று வைத்துக்கொள்ளலாம். கோடு போடுவதில் கை திருந்தாதவர் மக்கு வேலையில் தேறலாம். மக்கில் சொதப்பியவர் சுரண்டிவிட்டு மறுபடி வைக்கலாம். நீர்வண்ண ஓவியத்தில் தவறிய தூரிகை வீச்சைத் திருப்பி எடுக்க முடியாது. இங்கே பொறுமை இருந்தால் பெரும்பாலான தவறுகளைத் திருத்திவிடலாம். பட்டறையில் பலர் பங்கிட்டுச் செய்வதற்காக அமைந்த இந்தப் படிமுறை, பின்னாளில் வாரம் இரண்டு மதியம் கூடும் வகுப்புக்கு அளந்து தைத்த சட்டைபோலப் பொருந்திப்போனது தற்செயல்தான். ஆனால் அந்தப் பொருத்தம் இல்லாவிட்டால் பின்னால் நடந்தது நடந்திருக்காது.

இந்தக் கலை எங்கே தொடங்கியது என்பதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் கதை, 1565இல் விஜயநகரம் வீழ்ந்த பிறகு தெற்கே வந்த ஓவியக் குடும்பங்களுக்குத் தஞ்சை நாயக்கர்கள் இடம் கொடுத்தார்கள் என்பது. இன்று நாம் பழைய தஞ்சாவூர்ப் படம் என்று அருங்காட்சியகங்களில் பார்ப்பதில் பெரும்பகுதி அதற்குப் பிந்தியது. 1676 வாக்கில் தஞ்சையில் அமைந்த மராட்டியர் ஆட்சிக்கும், குறிப்பாக 1798 முதல் 1832 வரை அரசராக இருந்த இரண்டாம் சரபோஜியின் காலத்துக்கும் அதை அடுத்த பத்தாண்டுகளுக்கும் உரியது. தஞ்சையிலும் திருச்சியிலும் ராஜு சமூகத்தாரும், மதுரைப் பக்கத்தில் நாயுடு சமூகத்தாரும் இந்த வேலையில் இருந்தார்கள். அவர்கள் அரண்மனைக்கு மட்டும் வரைந்தவர்கள் என்று எண்ணிக்கொள்வது பிற்கால மயக்கம். ராமர் பட்டாபிஷேகமும் வெண்ணெய்க் கண்ணனும் பஜனை மடங்களின் சுவரிலும் வசதியுள்ள வீடுகளின் பூஜை அறையிலும் மாட்டுவதற்காகவே மிகுதியாகப் பிறந்தன. இருண்ட அறையில் எண்ணெய் விளக்கின் ஒளி பட்டு மின்ன வேண்டும் என்பதற்காகத்தான் தங்கமும் கல்லும் மேடும். தர்பாரின் பெருமைக்காக வரைந்த அரச உருவப்படங்களும் உண்டு. என்றாலும் கலையின் அடிவேர் வீட்டுக்குள்தான் இருந்தது. வீட்டு அலங்காரமாகவும் வீட்டு வழிபாடாகவும் பிறந்த ஒன்று மறுபடி வீட்டுக்குள் வந்ததைத் தாழ்வு என்று சொல்வதற்கு முன் இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஆதரவாளர்கள் எப்படி மாறினார்கள் என்பதைப் பார்ப்போம். 1799 உடன்படிக்கைக்குப் பிறகு தஞ்சை அரசருக்குக் கோட்டையும் அதைச் சுற்றிய சிறு பகுதியும்தான் மிஞ்சின. 1855இல் சரபோஜியின் மகன் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்ததும் அதையும் கிழக்கிந்தியக் கும்பினி எடுத்துக்கொண்டது. அரண்மனை ஆதரவு அத்தோடு முடிந்தது. அதற்கு முன்பே ஓவியர்கள் அடுத்த வாடிக்கையாளரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஐரோப்பிய அதிகாரிகள் ஊருக்கு எடுத்துப்போவதற்காகச் சாதி, தொழில், உடை, திருவிழா, தெய்வம் என்று தொகுதி தொகுதியாகப் படங்கள் கேட்டார்கள். தஞ்சை ஓவியர்கள் காகிதத்தில் நீர்வண்ணத்தில் வரைந்தார்கள். திருச்சியில் அப்ரக (மைக்கா) தகட்டின்மேல் வரையும் வேலை பேர் பெற்றது. புகைப்படக் கருவி பரவியதும் இந்தச் சந்தை மெலிந்தது. மூன்றாவதாக நாட்டுக்கோட்டை நகரத்தார். பர்மாவிலும் மலாயாவிலும் ஈட்டிய செல்வத்தில் எழுந்த செட்டிநாட்டு வீடுகளின் சுவர்களில் தேக்குச் சட்டமிட்ட தஞ்சாவூர்ப் படங்கள் வரிசையாக ஏறின. இரண்டாம் உலகப்போரும் பர்மா வணிகத்தின் வீழ்ச்சியும் அந்தக் கதவையும் சாத்தின. ஆக அரசர், அதிகாரி, வணிகர் மூவருமே தத்தம் செல்வம் இருந்தவரைதான் இந்தக் கலையைத் தாங்கினார்கள். ஒவ்வொரு கைமாற்றத்திலும் படத்தின் அளவு, பொருள், வண்ணம், மேடு எல்லாம் வாங்குபவரின் விருப்பத்துக்கேற்ப மாறின. 'அசல்' என்று நாம் இன்று உறைய வைக்க நினைக்கும் ஒரே வடிவம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

கற்பித்தல் எப்படி நடந்தது? தந்தையிடமிருந்து மகனுக்கு, மாமனிடமிருந்து மருமகனுக்கு. பட்டறையில் தேய்ப்பதில் தொடங்கி ஆண்டுக்கணக்கில் பழகி முகம் எழுதும் இடத்துக்கு வருவார்கள். அன்றைய ஓவியர் உலகம் தொழில் ரகசியத்தை எப்படிக் காத்தது என்பதற்கு ரவி வர்மாவின் இளமைக்கதை நல்ல சான்று. 1862இல் பதின்மூன்று பதினான்கு வயதுப் பையனாகத் திருவனந்தபுரம் போன அவருக்கு எண்ணெய் வண்ண நுட்பத்தைச் சொல்லிக்கொடுக்க அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கர் மறுத்தார் என்றும், அவரிடம் பயின்ற ஆறுமுகம் பிள்ளை ரகசியமாக உதவினார் என்றும் அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. நம் வாதத்துக்கு இன்னும் முக்கியமானவர் பையனை அங்கே அழைத்துப்போன மாமா ராஜ ராஜ வர்மா. அவர் ஓவியத்தொழில் குடும்பத்தவர் அல்லர். கிளிமானூர் அரச குடும்பத்தவர். மதுரையிலிருந்து திருவிதாங்கூர் அரண்மனைக்குப் போன அழகிரி நாயுடுவிடம் ஓவியம் பயின்று, தஞ்சாவூர் பாணியில் விருப்பத்துக்காக வரைந்தவர். இன்றைய சொல்லில் சொன்னால் ஹாபி ஓவியர். கிளிமானூர்ச் சுவரில் கரியால் கிறுக்கிய மருமகனின் திறமையைக் கண்டுகொண்டு முதல் பாடம் சொன்னவர் அவர்தான். பரம்பரைத் தொழிலாளி ஒருவர் குடும்பத்துக்கு வெளியே ஒருவருக்குக் கற்றுக்கொடுக்க, அந்த விருப்ப ஓவியர் இன்னொருவருக்குக் கைமாற்ற, இந்திய ஓவிய வரலாறே திரும்பியது. விருப்பத்துக்குக் கற்பவரால் கலைக்கு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு இதைவிடப் பெரிய பதில் வேண்டியதில்லை. ஆனால் அன்று அப்படிக் கற்கும் வாய்ப்பு அரச குடும்பத்து ஆணுக்குத்தான் கிடைத்தது.

அதே ரவி வர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகம் பலகைப் படத்துக்கு விழுந்த பெரிய அடி. வண்ணக் கல்லச்சில் வந்த லட்சுமியும் சரஸ்வதியும் சில அணாவுக்குக் கிடைத்தபோது, மாதக்கணக்கில் உழைத்துச் செய்த பலகைப் படத்தை நடுத்தரக் குடும்பம் ஏன் வாங்கும்? பரம்பரைக் கைகள் என்ன செய்தன என்பதற்குக் கொண்டையராஜுவின் வாழ்க்கையே விடை. 1898இல் பிறந்த அவர் ஓவியத்தொழில் செய்த ராஜு குடும்பத்தவர். சென்னை ஓவியப்பள்ளியில் படித்தார். நாடகக் குழுக்களுக்குத் திரைச்சீலை எழுதினார். பின்னர் கோவில்பட்டியில் தங்கி, மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு, சிவகாசி அச்சகங்களின் காலண்டர்களுக்குத் தெய்வப் படங்கள் வரைந்தார். 1976இல் அவர் மறையும்போது தமிழ்நாட்டின் பெரும்பாலான பூஜை அறைகளில் அவருடைய அல்லது அவர் மாணவர்களின் முருகனோ மீனாட்சியோ இருந்திருக்க வேண்டும். பழைய ஓவியக் குடும்பங்களின் திறமை காலண்டருக்கும் நாடகத்துக்கும் பெயர்ப்பலகைக்கும் போட்டோ ஸ்டுடியோவுக்கும் போய்ச் சேர்ந்தது. தஞ்சையில் ஒருசில குடும்பங்கள் பலகைப் படத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன. பரம்பரைக்காரர்களை ஹாபி வகுப்புகள் விரட்டின என்று சொல்பவர்கள் இந்தக் கால வரிசையைக் கவனிப்பதில்லை. வகுப்புகள் பெருகுவதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே அச்சு இயந்திரம் அந்த வேலையைச் செய்து முடித்துவிட்டது.

பிறகு திருப்பம். செட்டிநாட்டு வீடுகள் பிரிக்கப்பட்டு, அவற்றின் தூண்களும் கதவுகளும் படங்களும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளின் வழியாகச் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போகத் தொடங்கின. பூஜை அறையின் புகைபடிந்த மூலையில் இருந்த பலகை, வரவேற்பறையில் விளக்கொளி பாய்ச்சி மாட்டும் பழம்பொருளாயிற்று. ஓவியரும் கலை வரலாற்றாசிரியருமான ஜெயா அப்பாசாமி மராட்டியர் காலத் தஞ்சை ஓவியம் பற்றிய நூலை 1980இல் வெளியிட்டார். 1973இல் அமைந்த, தமிழக அரசின் கைவினைப் பொருள் நிறுவனமான பூம்புகாரின் விற்பனைக் கூடங்கள் புதுப் படங்களை நகரத்து வாங்குநரின் கண்ணில் காட்டின. ஆசை பரவியது, விலையோ எட்டாத உயரத்தில் நின்றது. பழையது வாங்க முடியாது, தங்கரேக்கு வைத்த புதியதும் எளிதல்ல என்றான நடுத்தரக் குடும்பத்தின் முன் மூன்றாவது வழி ஒன்று தெரிந்தது: நாமே செய்துகொள்வது. பொருள்களும் ஒத்துழைத்தன. பலாப்பலகைக்குப் பதில் பிளைவுட் வந்தது. காய்ச்சிய பசைக்கும் வச்சிரத்துக்கும் பதில் 1959 முதல் கடைகளில் கிடைத்த ஃபெவிகால். அரைத்து எடுக்க வேண்டிய வண்ணத்துக்குப் பதில் போஸ்டர் கலரும் பின்னர் அக்ரிலிக்கும். பூசி வைத்தால் பூச்சி அரிக்காத, மழைக்காலத்தில் நாறாத பொருள்கள் கிடைத்ததும் வேலை பட்டறையை விட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்தது. கற்றுக்கொடுக்க ஆள் வேண்டியிருந்தது. தஞ்சையில் பயின்றவர்களிடம் கற்ற பெண்கள் சிலர் தங்கள் கூடத்தில் நான்கு பேரை உட்கார வைத்துத் தொடங்கினார்கள்.

அந்தக் கூடத்தின் பொருளாதாரத்தை யாரும் கணக்கெழுதி வைக்கவில்லை. ஆனால் அது இயங்கிய முறை தெளிவானது. படம் விற்றுப் பிழைப்பவர் தங்கத்திலும் கல்லிலும் முதல் போட்டுவிட்டு வாங்குபவருக்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கற்பிப்பவருக்கு அந்தப் பாரம் இல்லை. பொருள் மாணவியுடையது, கட்டணம் மாதந்தோறும் வரும். 12 அங்குலத்துக்கு 10 அங்குலப் பலகையில் ஒரு பிள்ளையாரோ வெண்ணெய்க் கண்ணனோ முடித்தவர் அடுத்துக் கஜலட்சுமிக்கும், அதன்பின் பட்டாபிஷேகத்துக்கும் வருவார். ஆசிரியை தானும் இடையில் ஆர்டருக்குப் படம் செய்வார். ஆனால் அடுப்பெரிவது வகுப்பினால். இந்தச் சங்கிலியின் மறுமுனை தஞ்சையில் இருந்தது. துணி ஒட்டிப் பூசிய பலகை, கோட்டுப்படம், தங்கரேக்கு, ஜெய்ப்பூர்க் கல், சட்டம் ஆகியவற்றுக்கு நிலையான வாங்குநர்கள் உருவானார்கள். ரேக்கு வெட்டுபவரும் சட்டம் செய்பவரும் படத்தின் சந்தை ஏறி இறங்குவதற்கு அஞ்சாமல் இருக்க முடிந்தது. இன்னொரு விளைவு கண்ணுக்குத் தெரியாதது. நாற்பது ஐம்பது மணி நேரம் உட்கார்ந்து மக்கு வைத்தவருக்கு, கண்காட்சியில் ஒரு நல்ல படத்தின் விலைச்சீட்டைப் பார்த்தால் அது ஏன் அந்த விலை என்று விளங்கும். பொன்னிறத் தாளுக்கும் தங்கரேக்குக்கும் வேறுபாடு தெரிந்த வாங்குநர் கூட்டத்தை எந்த விளம்பரமும் உண்டாக்கியிருக்க முடியாது. அச்சுப்படம் பழக்கிக் கெடுத்த கண்ணை வகுப்பறை திருத்தியது.

இனி மறுப்புகள். முதல் மறுப்பு தரம் பற்றியது. வகுப்பில் பிறக்கும் படங்கள் ஒன்றுபோல் இருக்கின்றன, கோட்டுப்படத்தை நகலெடுத்து ஒட்டிவிட்டு வண்ணம் நிரப்புகிறார்கள், முகத்தில் உயிர் இல்லை என்பார்கள். இதில் பாதி உண்மை. மற்ற பாதி வரலாற்றை மறந்து சொல்வது. நகலெடுப்பது இந்தக் கலையின் பழைய ஒழுங்கு. கோட்டுப்படத்தைத் துளையிட்டுக் கரித்தூள் தட்டிப் பலகைக்கு மாற்றுவது இந்தியப் பட்டறைகளின் பொது வழக்கம். கும்பினிக் காலத்துத் தொகுதிப் படங்கள் ஒரே அச்சில் வார்த்தவைபோல நூற்றுக்கணக்கில் வெளியேறின. அவற்றிலும் சிறந்தவை சில, சுமாரானவை பல. அருங்காட்சியகம் தேர்ந்தெடுத்து வைத்திருக்கும் நூறு படத்தையும், இன்று ஒரு தெருவில் செய்யப்படும் நூறு படத்தையும் ஒப்பிட்டுவிட்டுத் தரம் தாழ்ந்தது என்பது தராசை ஒரு பக்கம் அழுத்திப் பிடித்துக்கொண்டு நிறுப்பது போன்றது. ஆனால் உண்மையான பாதியை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பட்டறையில் நகலெடுத்தவன் ஆண்டுகள் கழித்துச் சொந்தமாகக் கோடு போடக் கற்றான். வகுப்பில் பலருக்கு அந்த இடம் வருவதே இல்லை. மக்கு மேடும் கல்லும் முன்கூட்டியே வைத்து விற்கப்படும் பலகைகள் வந்தபின் இந்தக் குறை இன்னும் கூடியிருக்கிறது. ரவி வர்மாவுக்குப் பின் பழகிய நிழல்வண்ண முகத்தைப் பழைய தட்டை உடலில் ஒட்டுவதும் பல படங்களில் உறுத்துகிறது. கோடு போடத் தெரியாதவர் கற்பிக்கத் தொடங்கினால் அடுத்த தலைமுறைக்கு வண்ணம் நிரப்பும் வேலை மட்டுமே போய்ச் சேரும்.

இரண்டாவது மறுப்பு கடுமையானது. கலையை அதன் பரம்பரைச் சமூகத்திடமிருந்து நகரத்து வசதியுள்ளவர்கள் எடுத்துக்கொண்டார்கள், இதுவும் பரதநாட்டியத்தின் கதைதானே என்பது. சதிர் என்ற பெயரில் ஆடி வந்த பெண்கள் ஒதுக்கப்பட்டதையும், 1936இல் தொடங்கிய கலாக்ஷேத்ரா போன்ற அமைப்புகள் வழி அந்த ஆட்டம் வேறு சமூகத்துப் பெண்களின் கலையானதையும், 1947இல் சென்னை மாகாணம் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடைசெய்ததையும் அறிந்த தமிழ் வாசகர் இப்படிக் கேட்பது இயல்பே. ஒப்புமை ஓரளவு பொருந்துகிறது. வகுப்புகளில் வந்து அமர்ந்தவர்கள் ஓய்வு நேரமும் கையில் காசும் உள்ள குடும்பத்துப் பெண்கள். ராஜு குடும்பத்துப் பெயர்களை அவர்களில் பலர் அறியமாட்டார்கள். ஆனால் இரண்டு வேறுபாடுகள் உண்டு. தஞ்சாவூர் ஓவியனின் தொழிலைச் சட்டமோ சமூகப் பழிப்போ தடுக்கவில்லை. அச்சும் சந்தையும்தான் தடுத்தன. பரம்பரை ஓவியர்களும் இந்த வகுப்புப் பெருக்கத்தில் ஆசிரியராகவும் பொருள் தருபவராகவும் பங்கு பெற்றார்கள். இன்றும் தஞ்சையில் தலைமுறை தலைமுறையாக இந்த வேலை செய்வோர் இருக்கிறார்கள். 2007-08இல் தஞ்சாவூர் ஓவியத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது அவர்களுடைய ஊர் உரிமைக்கான சட்டக் காப்பு. அந்தக் காப்பு இன்று முதலில் பாய வேண்டியது பலகையில் இயந்திரத்தால் அச்சடித்து 'தஞ்சாவூர் ஓவியம்' என்று விற்பவர்மீது. 1894இல் வந்த எதிரி வேடம் மாற்றிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறான். மாணவியை எதிரியாக்குவது அவனைத் தப்பவிடுவதாகும்.

மூன்றாவது மறுப்பு வாதமாக வராது, சொல்லாக வரும். 'ஹாபி' என்ற சொல் அது. ஆண் ஒருவர் பலகையில் துணி ஒட்டினால் கைவினைஞர். பெண் ஒருவர் அதையே கூடத்தில் உட்கார்ந்து செய்தால் பொழுதுபோக்கு. முப்பது ஆண்டுகள் கற்பித்து நூற்றுக்கணக்கான மாணவிகளை உருவாக்கி அந்த வருமானத்தில் பிள்ளைகளைப் படிக்க வைத்தவரைக்கூடக் கணக்கெடுப்புக்காரர் கேட்டால் வீட்டில் 'வேலை இல்லை' என்று சொல்லிவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. தமிழில் பொழுதுபோக்கு என்றால் பொழுதை எப்படியோ கழிப்பது. நாள்தோறும் கண் நோகக் கோடு எழுதுவதற்கு அந்தச் சொல் ஒட்டவில்லை. உலகில் வேறிடங்களில் இது வியப்பான ஏற்பாடும் அல்ல. ஜப்பானில் தேநீர்ச் சடங்கும் மலர் அடுக்கும் கலையும் நூற்றாண்டுகளாக நிற்பது, விருப்பத்துக்குக் கற்க வருவோர் கட்டும் கட்டணத்தாலும் படிப்படியாகப் பெறும் தகுதிச் சான்றாலும்தான். நம் கர்நாடக சங்கீதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மேடையில் பாடுபவர் கைவிரல் எண்ணிக்கை. அவரைக் கேட்கும் சபையை நிரப்புபவர்கள் சிறுவயதில் சரளி வரிசை பாடிவிட்டு நிறுத்தியவர்கள். அவர்களைச் சங்கீதத்தின் சீரழிவு என்று யாரும் சொல்வதில்லை. ஓவியத்துக்கு மட்டும் வேறு நியாயம் ஏன்?

பக்தி போய்விட்டது என்ற முறையீடும் உண்டு. விரதமிருந்து, தியானச் சுலோகம் சொல்லி எழுதிய படம் வேறு, டிவி ஓடும் அறையில் எழுதுவது வேறு என்பார்கள். கும்பினி அதிகாரிக்குத் தொகுதிப் படம் எழுதிய ஓவியர் எந்த விரதம் இருந்தார் என்று திருப்பிக் கேட்கலாம், அது தேவையில்லை. விற்பதற்காகச் செய்யும் பட்டறையைவிட, தன் வீட்டுப் பூஜை அறைக்காக ஒருவர் தானே செய்யும் படம் அந்தப் பழைய நோக்கத்துக்கு நெருக்கமானது என்பதைச் சொன்னால் போதும். மகள் திருமணத்துக்கு, புதுவீட்டுக்கு என்று மனத்தில் ஓர் இடம் வைத்துக்கொண்டுதான் பெரும்பாலான மாணவிகள் பலகையைத் தொடுகிறார்கள்.

ஆகவே என் தீர்ப்பு இது. மதிய வகுப்பு இந்தக் கலையைக் காப்பாற்றியது. ஆனால் முழுமையாகக் காப்பாற்றவில்லை. கைவேலையைக் காப்பாற்றியது, கோட்டைக் காப்பாற்றவில்லை. அரசும் கலைக் கல்லூரிகளும் செய்ய வேண்டியது வகுப்புகளைப் பழிப்பதோ கண்டுகொள்ளாமல் விடுவதோ அல்ல. கற்பிப்போருக்குக் கோட்டுப்படப் பயிற்சி தர வேண்டும். தஞ்சைக் கலைக்கூடத்திலும் சரஸ்வதி மகாலிலும் எழும்பூர் அருங்காட்சியகத்திலும் உள்ள பழைய படங்களை அவர்கள் அருகில் உட்கார்ந்து பார்த்து வரைய வழி செய்ய வேண்டும். பரம்பரை ஓவியர்களை அதற்கு ஊதியத்தோடு ஆசிரியர்களாக அழைக்க வேண்டும். கற்பிப்போரும் ஒன்று செய்யலாம். மேடு வைத்துத் தயாராக வரும் பலகையை முதல் பாடத்துக்கு வேண்டுமானால் வைத்துக்கொண்டு, நான்காவது படத்திலாவது மாணவியின் கையில் வெறும் பலகையையும் பென்சிலையும் கொடுக்கலாம்.

கடைசியாக ஒரு சிறு வேறுபாட்டைக் குறிக்க வேண்டும். அருங்காட்சியகங்களில் உள்ள பழைய தஞ்சாவூர்ப் படங்களில் பெரும்பாலானவற்றில் எழுதியவர் பெயர் இல்லை. எந்தத் தெய்வம், யாருடைய ஆட்சிக்காலம் என்று அட்டையில் இருக்கும். யாருடைய கை என்று இருக்காது. மதிய வகுப்பிலிருந்து வெளியே வரும் படத்தைத் திருப்பிப் பாருங்கள். வலது கீழ் மூலையிலோ பலகையின் பின்புறத்திலோ சின்ன எழுத்தில் ஒரு பெயரும் முடித்த ஆண்டும் இருக்கும்.